இசைக் கோட்பாடு ஆன்லைன் வகுப்பு: முதல் ஆறு பாடம் அருமை, அப்புறம்தான் தகராறு

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். 14 பாடங்கள் கொண்ட இந்த வகுப்பில் முதல் ஆறுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஏழாவதிலிருந்து பத்தாவது வரை ஐந்துக்கு இரண்டு. கடைசி நான்கும் பழையதைத் திரும்ப ஓட்டிக்காட்டும் மீள்பார்வை, அவற்றுக்கு மதிப்பெண் போட ஒன்றும் இல்லை. வகுப்பின் பெயரை எழுதப்போவதில்லை. திட்டும் பகுதி கொஞ்சம் நீளம், தவிர நான் பார்த்த வரையில் இந்த வகை வகுப்புகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகின்றன.

எனக்கு இசை என்பது முழுக்கக் கேள்வி ஞானம். கேட்ட பாட்டைத் திரும்பப் பாடிவிடுவேன், கீபோர்டில் தடவித் தடவி மெட்டைக் கண்டுபிடித்துவிடுவேன், ஆனால் யாராவது "இது மைனர் தேர்டு, அதனால்தான் சோகமாக இருக்கிறது" என்று ஆரம்பித்தால் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு நழுவுகிற ஆள். ஒலி என்றால் என்ன என்பதில் தொடங்கி இன்டர்வல், அதாவது இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள தூரம், வரை கொண்டுபோய் நிறுத்துகிற வகுப்பு என்று போட்டிருந்தது, அதற்கு மேலே கார்டு, ஹார்மனி என்று எதையும் தொடுவதில்லை. அந்தச் சின்ன எல்லைதான் என்னைச் சேரவைத்தது.

முதல் பாடத்தில் மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோடும் இல்லை, புள்ளியும் இல்லை, கீபோர்டுகூட இல்லை. ஒரு ஸ்பீக்கரைப் படுக்கவைத்து அதன் கூம்பின் மேல் கொஞ்சம் மணலைத் தூவி, ஒரு தாழ்ந்த சுரத்தை ஓடவிடுகிறார் ஆசிரியர், மணல் துள்ளுகிறது. ஸ்பீக்கரிடமிருந்து காற்று கிளம்பி நம் காது வரை நடந்து வருவதில்லை, அந்தந்த இடத்துக் காற்று இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்து அழுத்தத்தைப் பக்கத்துக் காற்றிடம் தள்ளிவிடுகிறது, அந்த அழுத்தம்தான் 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் நம்மிடம் வந்து சேர்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் மணல் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது அது வேறு மாதிரி ஏறுகிறது.

அதற்கடுத்த பத்து நிமிடம்தான் இந்த வகுப்பின் தங்கம். வெறும் "டிக்" என்ற ஓர் ஒலி. விநாடிக்கு இரண்டு முறை அடிக்கிறது, தாளம் போடலாம். ஐந்து முறை, பரவாயில்லை, இன்னும் எண்ணலாம். பத்து ஆனதும் எண்ணிக்கை கைவிட்டுப் போகிறது, இயந்திரத் துப்பாக்கி மாதிரி. 20ஐ நெருங்கித் தாண்டும்போது தனித்தனி டிக் எல்லாம் கரைந்து, அடியில் ஒரு கரகரப்பான முனகல் கிளம்புகிறது. ஐம்பதில் அது தெளிவான தாழ்ந்த சுரம். நூறில் மேலே ஏறுகிறது, இருநூறில் இன்னும் மேலே. அவ்வளவுதான். நான் அந்த இடத்தை நாலு முறை பின்னால் தள்ளிக் கேட்டேன். தாளமும் சுரமும் ஒரே சரக்கு, வேகம்தான் வேறு என்பதை யாரும் எனக்கு வாயால் சொல்லி நம்பவைத்திருக்க முடியாது. விநாடிக்கு எத்தனை முறை என்ற அந்த எண்ணுக்குத்தான் அதிர்வெண் என்று பெயர், அதன் அலகு ஹெர்ட்ஸ் என்பதையெல்லாம் அப்புறம்தான் சொல்கிறார். காது முதலில், பெயர் பிறகு. இந்த வரிசையை ஆசிரியர் ஆறாம் பாடம் வரை விடாமல் காப்பாற்றியிருந்தார், அதனால்தான் ஏழாவதில் அதைக் கைவிட்டபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஒரு எச்சரிக்கை. ஹெட்போன் இல்லாமல் இந்த வகுப்பைத் தொடாதீர்கள். நான் இரண்டாம் பாடத்தைப் போனின் ஸ்பீக்கரிலேயே கேட்டேன். 60 ஹெர்ட்ஸ் சைன் அலை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள சுத்தமான ஒலி) என்று திரையில் எழுதியிருக்கிறது, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார், சரி, காது போய்விட்டது, வயசாகிவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். ஹெட்போனை மாட்டியதும் அதே 60 ஹெர்ட்ஸ் கும்மென்று நின்றது. சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது, விஷயம் அவ்வளவுதான். வகுப்பின் முகப்பிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில்தான் அதிர்கிறது, 60ஐவிடத் தாழ்வு, ஆனாலும் அதே போன் ஸ்பீக்கரில் பேஸ் மெட்டு என்னவென்று நமக்குத் தெரிகிறது. எப்படி? தந்தி 41இல் மட்டும் அதிர்வதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று மேலே மேலே ஹார்மானிக்ஸ் எல்லாம் சேர்ந்தே ஒலிக்கின்றன. போன் அந்த மேல்மடங்குகளை மட்டும் தருகிறது, இவையெல்லாம் எந்த எண்ணின் மடங்குகளோ அந்த எண்ணை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது. இதை மூன்றாம் பாடத்தில் அருமையாக விளக்குகிறார். கேட்காத சுரத்தை இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

மூன்றாம் பாடம் உண்மையில் டிம்பர் பற்றியது, அதாவது புல்லாங்குழலும் வயலினும் ஒரே சுரத்தை ஒரே சத்தத்தில் வாசித்தாலும் ஏன் நமக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரிகின்றன என்பது. எந்த ஹார்மானிக் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது, சுரம் எப்படிக் கிளம்புகிறது என்பதில் மீதி. இதைக் காட்ட அந்தச் சுரங்களின் ஆரம்பத் துணுக்கை மட்டும் வெட்டிவிட்டு நடுப்பகுதியைப் போடுகிறார், எது எந்த வாத்தியம் என்று எனக்குத் தடுமாற்றம் வந்துவிட்டது. நல்ல வித்தை.

சுருதிக்கும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் பாடத்தில் நமக்கென்று ஒரு தனிச்சிக்கல் உண்டு, அது ஆசிரியர் கையில் இல்லை, நம் வாயில் இருக்கிறது. "குரலை உயர்த்திப் பேசாதே" என்றால் சத்தம் போடாதே என்று அர்த்தம். "இந்த இடத்தில் குரலை உயர்த்திப் பாடு" என்றால் சுருதியில் மேலே போ என்று அர்த்தம், அல்லது சத்தமாகப் பாடு என்றும் இருக்கலாம், பாடச் சொன்னவரைக் கேட்டால்தான் தெரியும். தாழ்ந்த குரல் என்பதும் அப்படியே. அதிர்வின் வேகம் ஒன்று, அதிர்வின் வீச்சு இன்னொன்று, ஒன்றை மாற்றாமல் மற்றதை ஏற்றலாம் இறக்கலாம் என்று ஒரே சுரத்தை மெல்லிய சத்தத்திலும் பலத்த சத்தத்திலும் மாற்றிமாற்றிப் போட்டுக் காட்டும்போதுதான், பாடும்போது மேலே போகவேண்டிய இடத்திலெல்லாம் நான் வெறுமனே கத்திக்கொண்டிருந்திருக்கிறேன் என்று உறைத்தது. வீட்டில் இருப்பவர்கள் இதை முன்பே சொல்லியிருந்தார்கள், வேறு சொற்களில்.

440 பற்றிய பாடம் சுருக்கம். மேற்கத்திய இசையில் ஏ என்ற சுரம் 440 ஹெர்ட்ஸ் என்று இன்று பெரும்பாலும் உலகம் முழுக்கச் சுருதி சேர்க்கிறார்களே, அது இயற்கை விதித்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்தது. 1859இல் பிரான்ஸ் சட்டம் போட்டு 435 என்று வைத்தது, 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் 440 என்று முடிவானது, பின்னர் அது சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமாகவும் ஆனது. பரோக் எனப்படும் பழைய ஐரோப்பிய இசையை அந்தக் காலத்து முறையில் வாசிப்பவர்கள் இன்றும் 415இல் சுருதி சேர்ப்பதுண்டு, அது ஏறக்குறைய அரைச்சுரம் கீழே. சுருதி சேர்க்க உதவும் சுருதிக்கவை (டியூனிங் ஃபோர்க்) 1711 வாக்கிலேயே ஜான் ஷோர் என்ற டிரம்பெட் கலைஞர் கண்டுபிடித்தது, அதாவது "எல்லாருக்கும் ஒரே எண்" என்ற உடன்பாடு வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கருவி தயார். பாடுகிறவர் தன் தொண்டைக்குத் தோதான இடத்தில் ஸ வைத்துக்கொள்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த உடன்பாடு பெரிய ஆச்சரியம் தராது. சுரங்களுக்கு நடுவே உள்ள உறவு மாறாதவரை எங்கே தொடங்கினாலும் மெட்டு மெட்டுதான்.

அந்த உறவுதான் ஆறாம் பாடம். இதற்காகவே வகுப்பில் சேரலாம். ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறார்: 100 ஹெர்ட்ஸ், 200, 300, 400, 500, 600 என்று வரிசையாகப் போடப்போகிறேன், ஒவ்வொரு தாவலும் 100தான், காதுக்கு எல்லாத் தாவலும் சமமாகக் கேட்குமா? கேட்கும் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. முதல் தாவல் பிரமாண்டம், கீழ் ஸவிலிருந்து மேல் ஸவுக்குப் போன மாதிரி. இரண்டாவது அதைவிடச் சின்னது. மூன்றாவது இன்னும் சின்னது. மேலே போகப் போகப் படிகள் குறுகிக்கொண்டே போகின்றன. ஏனென்றால் காது கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை, எத்தனை மடங்கு என்று பார்க்கிறது. 100க்கு 200 இரண்டு மடங்கு. 200க்கு 300 ஒன்றரை மடங்குதான். 300க்கு 400 இன்னும் குறைவு.

அப்புறம்தான் பெயர்கள் வருகின்றன, அதுவும் ஒரு வரியில். இரண்டுக்கு ஒன்று என்றால் ஆக்டேவ். மூன்றுக்கு இரண்டு என்றால் ஃபிஃப்த், நமக்கு ஸவிலிருந்து ப. நான்குக்கு மூன்று ஃபோர்த், ஸவிலிருந்து சுத்த மத்தியமம். ஐந்துக்கு நான்கு மேஜர் தேர்டு, ஆறுக்கு ஐந்து மைனர் தேர்டு. அந்த ஒரே 100, 200, 300 வரிசைக்குள்ளேயே இவ்வளவும் இருக்கிறது, அந்த வரிசையும் மூன்றாம் பாடத்தில் பார்த்த அதே ஹார்மானிக்ஸ் வரிசைதான். ஒரு தந்தியை ஒருமுறை மீட்டினால் இந்த இன்டர்வல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியபடி ஏற்கெனவே ஒலிக்கின்றன. இந்த இடத்தில் விடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பள்ளியில் ஒப்பித்த பட்டியலில் குரலிலிருந்து எண்ணினால் இளி ஐந்தாவது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருடம் அதை வெறும் மதிப்பெண்ணுக்காகத் தலையில் வைத்திருந்திருக்கிறேன்.

ஆக்டேவ் மடங்கு என்பதால் எண்கள் சரசரவென்று ஏறும். 88 கட்டை பியானோவின் அடிச்சுரம் 27.5 ஹெர்ட்ஸ், அதுவும் ஏ. இருமடங்காக்கிக்கொண்டே போனால் 55, 110, 220, 440, 880, 1760, 3520. ஏழே தாவலில் பியானோவின் மேல்முனையை நெருங்கிவிட்டோம், அது 4186 ஹெர்ட்ஸ் சி. 20 முதல் 20,000 என்று பெரிய எண்ணாகத் தெரிந்த நம் கேட்கும் எல்லைகூட இப்படிப் பார்த்தால் பத்து ஆக்டேவுக்குக் கொஞ்சம் குறைவுதான்.

இனி ஏழாம் பாடம்.

இதை வேறு ஆசிரியர் எடுத்தாரா, அல்லது அவரே அவசரத்தில் எடுத்தாரா தெரியவில்லை. முதல் காட்சியிலேயே ஓர் அட்டவணை. மைனர் செகண்டு 1 செமிடோன் (அரைச்சுரம், கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து கறுப்போ வெள்ளையோ அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்), மேஜர் செகண்டு 2, மைனர் தேர்டு 3, மேஜர் தேர்டு 4, பர்ஃபெக்ட் ஃபோர்த் 5, ட்ரைட்டோன் 6, பர்ஃபெக்ட் ஃபிஃப்த் 7, அப்படியே 12 வரை. "இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்." போச்சு. முந்தின பாடத்தில் ஐந்தே எண்ணில் உலகத்தைத் திறந்துகாட்டியவர் இங்கே அந்த விகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆக்டேவ், ஃபிஃப்த், ஃபோர்த் இவற்றுக்கு மட்டும் ஏன் மேஜர் மைனர் இல்லாமல் பர்ஃபெக்ட் என்ற தனி மரியாதை என்று எந்தப் புதுமாணவனும் கேட்பான். 2:1, 3:2, 4:3 என்று மிக எளிய விகிதங்கள் இந்த மூன்றுக்கும்தான், காதுக்கு மிக இணக்கமாகக் கேட்பவையும் இவைதான் என்று முந்தின பாடத்தையே சுட்டிக்காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அடுத்தது எண்ணும் முறை. சியிலிருந்து இ வரை (சி, டி, இ) இரண்டு படிதான் ஏறுகிறோம், அதை ஏன் மூன்றாவது என்கிறார்கள்? இரண்டு தேர்டை அடுக்கினால் ஏன் ஆறாவது ஆகாமல் ஃபிஃப்த் ஆகிறது? இந்தக் கணக்கு இடிப்பதால்தான் பாதிப் பேர் இன்டர்வலைக் கண்டு ஓடுகிறார்கள் என்பது என் எண்ணம். தொடங்கும் சுரத்தையும் சேர்த்து எண்ணுகிறார்கள், அவ்வளவே. தமிழில் "இன்றைக்கு எட்டாம் நாள்" என்றால் இன்றையும் சேர்த்து எண்ணி அடுத்த வாரம் இதே கிழமை வருகிறது இல்லையா, நடுவே கடந்தது ஏழு நாள்தான். ஆக்டேவ் என்ற சொல்லுக்கும் எட்டாவது என்றே பொருள், ஏழு படி ஏறி எட்டாவதில் அதே பெயருள்ள சுரத்துக்குத் திரும்புகிறோம். இப்படி எண்ணினால் தேர்டும் தேர்டும் சேரும்போது நடுச்சுரம் இரண்டு தடவை எண்ணப்படுகிறது, அதைக் கழித்தால் ஐந்து. இதை நானே ஒரு தாளில் கிறுக்கிக் கண்டுபிடிக்க ஒரு மாலை போனது.

வெள்ளைக் கட்டைகளை மட்டும் பார்த்தால் சி–இ ஒரு தேர்டு, டி–எஃப் ஒரு தேர்டு. பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் முதலாவது 4 செமிடோன், மேஜர். இரண்டாவது 3, மைனர். இ–எஃப், பி–சி இந்த இரண்டு ஜோடிக்கு நடுவே மட்டும் கறுப்புக் கட்டை இல்லை என்பதால் வரும் வித்தியாசம். இதை எட்டாம் பாடம் ஒழுங்காகவே சொல்கிறது. கீபோர்டின் பெரிய படத்தைத் திரையில் போட்டுக் கட்டை கட்டையாக நிறம் மாற்றிக் காட்டுகிறார்கள். அந்த ஐந்துக்கு இரண்டில் முக்கால்வாசி இந்தப் படத்துக்கு.

தலைகீழாக்குவது பற்றிய ஒன்பதாம் பாடமும் மோசமில்லை. சி–இ மேஜர் தேர்டு என்றால் அந்த இவிலிருந்து மேல் சிவுக்குப் போவது மைனர் சிக்ஸ்த்; மூன்றும் ஆறும் ஒன்பது, மேஜர் புரண்டால் மைனர், பர்ஃபெக்ட் புரண்டாலும் பர்ஃபெக்ட். ட்ரைட்டோன் மட்டும் ஆக்டேவைச் சரிபாதியாக 6, 6 என்று வெட்டுவதால் புரட்டினாலும் அதே 6 செமிடோன்தான். கூட்டல் ஒன்பது என்ற விதிகூட அந்தச் "சேர்த்து எண்ணும்" வழக்கத்தின் விளைவுதான் என்பதை இங்கேயாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது என் தனிப்பட்ட வழக்குக்கு வருகிறேன். வகுப்போடு ஒரு காதுப் பயிற்சி ஆப் தருகிறார்கள். இரண்டு சுரம் ஒலிக்கும், என்ன இன்டர்வல் என்று தட்டவேண்டும். ஒரு கேள்வியில் சியும் அதற்கு மூன்று செமிடோன் மேலே ஒரு சுரமும் வந்தது. மைனர் தேர்டு என்று தட்டினேன். தவறு என்று சிவப்புக் குறி. சரியான விடை: ஆக்மென்டட் செகண்டு!

கேள்வியில் வெறும் ஒலிதான் இருந்தது, எழுதிய சுரம் எதுவும் காட்டவில்லை. சி–இ ஃபிளாட் (இக்கு அரைச்சுரம் கீழே) என்று எழுதினால் மூன்று எழுத்தைத் தொடுவதால் தேர்டு, சி–டி ஷார்ப் (டிக்கு அரைச்சுரம் மேலே) என்று எழுதினால் இரண்டே எழுத்து, அதனால் செகண்டு, ஆனால் கீபோர்டில் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டை, ஒரே ஒலி. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது பழைய சங்கதி: ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே இடம், ராகத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ரி என்றோ க என்றோ கூப்பிடுகிறோம். பக்கத்தில் யாருமே இல்லாமல் தனியாக ஒரு ஜோடியை ஒலிக்கவிட்டு இது ரியா கவா என்று கேட்டால் எந்த வித்வானாலும் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை எழுதியவருக்கு எழுத்தும் ஒலியும் வேறு வேறு என்பது தெரியாதா, அல்லது விடைப் பட்டியலில் யாரோ தவறாக ஏற்றிவிட்டார்களா என்று புரியவில்லை. அடுத்த மூன்று நாளில் இதே மாதிரி இன்னும் நாலு கேள்வி வந்தது. புகார் எழுதினேன், அதைப் பற்றிக் கடைசியில்.

ஆப்பின் இன்னொரு குறை, முதல் நாளே 12 இன்டர்வலையும் கலந்து வீசுகிறது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று மதிப்பெண் போடுவது போல. எனக்கு வேலை செய்த வரிசை இது: ஆப்பின் செட்டிங்ஸில் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆக்டேவும் ஃபிஃப்தும் மட்டும் வைத்தேன், இரண்டும் குழம்பாமல் ஆனதும் ஃபோர்தைச் சேர்த்தேன். ஃபோர்த்தும் ஃபிஃப்தும் முதலில் பயங்கரமாகக் குழப்பும், ஒன்றைப் புரட்டினால் மற்றது என்பதால் இரண்டுக்கும் ஒரே குடும்ப முகம். கீழ்ச்சுரம் வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்தால் ஃபிஃப்த், மேல்சுரம் வீடாகத் தோன்றினால் ஃபோர்த் என்று ஒரு குறி வைத்துக்கொண்டேன், பத்தில் எட்டு முறை சரியாக வந்தது. ட்ரைட்டோன் எளிது, யாரோ கதவைப் பாதி திறந்துவைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். தேர்டுகள் ஒரு வாரம். சிக்ஸ்த் இரண்டும் இன்னும் என்னைப் படுத்துகின்றன.

முக்கியமாக, பதிலைத் தட்டுவதற்கு முன் இரண்டு சுரத்தையும் வாய்விட்டுப் பாடுங்கள். ஆப் இதைக் கேட்காது, கேட்டிருக்கவேண்டும். கேட்டுக்கொண்டே ஊகிப்பதற்கும் தொண்டையில் அந்தத் தாவலை உணர்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பத்தாம் பாடத்தில், ஒவ்வொரு இன்டர்வலுக்கும் பிரபலமான ஒரு பாட்டின் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏறுமுகத்தில் உதவும், ஒத்துக்கொள்கிறேன். இறங்குமுகத்தில் அதே இன்டர்வல் வந்தால் அந்தப் பாட்டு கைகொடுக்காது, இன்னொரு பாட்டு வேண்டும், அப்புறம் 24 பாட்டைத் தலையில் சுமந்துகொண்டு எது எதற்கு என்று தேடவேண்டும். ஸவை அடியில் தொடர்ந்து ஒலிக்கவிட்டு அதன்மேல் மற்ற சுரங்களைப் பாடிப் பழகியது எனக்கு இதைவிடச் சீக்கிரம் பலன் தந்தது.

கடைசியாக ஒரு பெரிய ஓட்டை. ஆறாம் பாடத்தில் ஃபிஃப்த் என்றால் 3:2 என்றார்கள். ஏழாம் பாடத்தில் ஃபிஃப்த் என்றால் 7 செமிடோன் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கால்குலேட்டரை எடுத்துப் பார்த்தால் இடிக்கும். கீபோர்டின் நடு சி 261.63 ஹெர்ட்ஸ். ஒன்றரை மடங்கு 392.44. ஆனால் கீபோர்டின் ஜி 392.00. மேஜர் தேர்டில் இன்னும் மோசம்: ஐந்துக்கு நான்கு என்றால் 327.03 வரவேண்டும், கீபோர்டில் இருப்பது 329.63.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒன்றரை மடங்காக 12 முறை ஏறினால் பெயரளவில் தொடங்கிய சுரத்துக்கே, ஏழு ஆக்டேவ் மேலே, வந்து சேரவேண்டும். ஏழு ஆக்டேவ் என்றால் 128 மடங்கு. 12 ஃபிஃப்த் என்றால் 129.75 மடங்கு. எவ்வளவு முயன்றாலும் மூடாத வட்டம், கிட்டத்தட்ட கால் செமிடோன் பிதுங்குகிறது. அதனால்தான் ஆக்டேவைச் சரிசமமாக 12 கூறு போட்டு, ஒவ்வொரு செமிடோனும் 1.0595 மடங்கு என்று வைத்து, பிதுங்கலை எல்லா ஃபிஃப்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுவிட்டார்கள். சீனாவில் மிங் வம்சத்து இளவரசர் ஜு ஸாய்யூ 1584இலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். செமிடோனை நூறாகப் பகுத்துச் சென்ட் என்று அளந்தால், இயற்கையான ஃபிஃப்த் 702 சென்ட், கீபோர்டில் 700, யாருக்கும் உறைக்காது. மேஜர் தேர்டு இயற்கையில் 386, கீபோர்டில் 400, கவனித்தால் உறைக்கும்.

அடிப்படை வகுப்பில் இதெல்லாம் அதிகப்படி என்று சிலர் சொல்லலாம். விகிதத்தைச் சொல்லாத வகுப்பாக இருந்தால் நானும் அப்படியே சொல்லியிருப்பேன். விகிதத்தைக் காட்டி மயக்கிவிட்டு, அடுத்த பாடத்தில் அதோடு ஒத்துப்போகாத கட்டையைக் கையில் கொடுப்பவர், ஐந்து நிமிடம் செலவழித்து விளக்கவேண்டும். நானே செய்து பார்த்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன், இலவச டோன் ஜெனரேட்டர் எதில் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டு சுரத்தையும் ஹார்மானிக்ஸ் நிறைந்த ஸாடூத் அலையில் வையுங்கள், வெறும் சைன் அலையில் இது கேட்காது, ஏனென்றால் மோதிக்கொள்வது ஹார்மானிக்ஸ்தான். 261.63ஐயும் 392ஐயும் சேர்த்து ஒலிக்கவிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு தடவை மெல்லிய ஊசலாட்டம் கேட்கும். 392.44க்கு நகர்த்தினால் அது நின்று ஒலி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். 261.63ஐயும் 329.63ஐயும் போட்டால் விநாடிக்குப் பத்து என்று ஒரு நடுக்கம். 327.03க்கு இறக்குங்கள், நடுக்கம் அடங்கிவிடும். நாம் இத்தனை நாள் இனிமை என்று நினைத்த கீபோர்டு மேஜர் தேர்டில் அந்த நடுக்கம் எப்போதும் இருந்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகு என்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை, அதற்காக என்னைத் திட்டாதீர்கள்.

மற்ற வசதிகள்: ஒவ்வொரு பாடமும் 20 நிமிடத்துக்குள் முடிகிறது, ஆசிரியரின் குரல் நிதானம், சப்டைட்டிலில் சுரங்களின் பெயர்கள் அங்கங்கே உளறல், ஒலித் துணுக்குகளைத் தனியாகத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பது பெரிய நன்மை. முதல் ஆறு பாடத்தின் துணுக்குகளை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

யாருக்கு? பாடத் தெரியும், வாசிக்கத் தெரியும், ஆனால் ஏன் என்று தெரியாது என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம், ஏழாம் பாடத்திலிருந்து பக்கத்தில் ஒரு கீபோர்டும் ஒரு தாளும் வைத்துக்கொள்ளவேண்டும். தேர்வுக்காக அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்யவேண்டியவர்களுக்கு இது சுற்றுவழி. கோட்பாடு ஏற்கெனவே தெரிந்தவர்கள் ஒன்று, மூன்று, ஆறு இந்த மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

புகார் விஷயம். ஆக்மென்டட் செகண்டு கேள்விகளைப் பற்றி எழுதியதற்கு நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: "உங்கள் காதுக்கு இன்னும் பயிற்சி தேவை, ஏழாம் பாடத்தை மீண்டும் பாருங்கள்." ஒலித் துணுக்கையும் இரண்டு வரி விளக்கத்தையும் சேர்த்துத் திரும்ப அனுப்பியிருக்கிறேன்.